மதிப்புப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பழைய பேஸ் கிட்டாரை விட்டுவிட்டு வராதீர்கள்

குமரி மாவட்டத்தில் பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்கள், அதிலும் வளைகுடாவிலிருந்தோ கப்பல் வேலையிலிருந்தோ வந்த அப்பா, மாமாமார் விட்டுப்போன கிட்டார் வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரிஜினலா, என்ன விலைக்குப் போகும் என்று பார்த்துச் சொல்வதாக வாங்கிவைத்த ஒரு கடை, எங்கள் மாமாவின் கிட்டாரிலிருந்து பழைய பிக்கப்புகளையும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சாமான்) கன்ட்ரோல்களையும் (வால்யூம், டோன் திருப்பும் சாமான்) கழற்றிக்கொண்டு புது மலிவுச் சாமானைப் போட்டுத் திருப்பித் தந்தது. அதற்கு மேல் 'இது டூப்ளிகேட்' என்று சொல்லி, விலைக்கும் கேட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை.

கிட்டார் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி செய்த ஜாஸ் பேஸ் மாடல், 1975. மாமா பஹ்ரைனில் எலெக்ட்ரீஷியனாக இருந்தபோது, அங்கே ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊர் திரும்பும்போது விற்றது. அதற்கப்புறம் அது எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழுவிலும், கிறிஸ்துமஸ் கேரல் வண்டியிலும், திருவிழா மெல்லிசை மேடைகளிலும் மாமாவோடேயே இருந்தது. மாமா இறந்தபின் மாமிதான் விற்றுவிடலாம் என்றார்கள். வீடு கடற்கரையில். உப்புக்காற்றில் ஸ்டீல் சாமான் என்ன ஆகும் என்று கரையோரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்ஜில் கம்பி உட்காரும் உருளைகள், திருகுகள், ஜாக் எல்லாம் துரு ஏறிப் பழுப்பாகத்தான் இருக்கும். இந்தத் துருதான் பின்னால் எங்களுக்குச் சாட்சி சொன்னது.

கடைக்காரர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பி முறுக்கும் தலைப்பகுதியைக் காட்டி முதலில் சொன்னது: "தம்பி, ஹெட்டுல நம்பரே இல்லியே. ஒரிஜினல்னா ஹெட்டுல நம்பர் இருக்கும்." அடுத்து, விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்தான நெக், பாடியோடு சேரும் இடத்தின் பின்னால் இருக்கும் தகட்டைத் தட்டிக் காட்டினார். "மூணு போல்டு போட்டிருக்கு பாத்தீங்களா? ஃபெண்டர்னா நாலு. இது பாங்காக் மால். இருவத்தஞ்சு ரூவா தாறேன், வச்சிட்டுப் போங்க." இருபத்தைந்தாயிரத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

ரெண்டுமே தப்பு. கிட்டார் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லாத தப்பு. ஃபெண்டர் சீரியல் நம்பரை ஹெட்டுக்கு மாற்றியதே 1976இல்தான். அதற்கு முன்னால் நம்பர் நெக் தகட்டில் இருக்கும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரசிஷன் பேஸில், ஆரம்பகாலத்தவற்றில் பிரிட்ஜ் தட்டில்கூட உண்டு. எங்கள் கிட்டாரில் பின் தகட்டில் பெரிய எஃப் எழுத்தும் அதோடு ஆறு இலக்க நம்பரும் இருந்தன. 1975க்கு அதுதான் சரி. மூன்று போல்டு விஷயமும் அப்படித்தான். 1970களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம்வரை ஜாஸ் பேஸில் மூன்று போல்டுதான் வந்தது. அந்தத் தகட்டில் நெக்கின் சாய்வைத் திருப்பிச் சரிசெய்ய ஆலன் கீ போகும் ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். நான்கு போல்டு அதற்கு முன்னும் பின்னும். பிரசிஷன் பேஸில் எப்போதும் நான்குதான். 1975 என்று சொல்லி நான்கு போல்டோடும் ஹெட்டில் நம்பரோடும் ஒரு ஜாஸ் பேஸை யாராவது நீட்டினால்தான் யோசிக்க வேண்டும். எது ஒரிஜினலுக்கு அடையாளமோ அதையே டூப்ளிகேட்டுக்கு அடையாளம் என்று திருப்பிச் சொன்னார் மனுஷன்.

விற்கச் சம்மதிக்கவில்லை என்றதும் பேச்சு மாறியது. "சரி, உங்களுக்குச் சந்தேகம்னா பெஞ்சுல போட்டு முழுசா செக் பண்ணி எழுதித் தாறேன். ஆயிரம் ரூவா சார்ஜ்." பணத்தை யூபிஐயில் அனுப்பினோம். கையில் கிடைத்தது 'கிட்டார் 1, சர்வீஸ்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. திரும்பி வாங்கப் போனபோது எழுத்தில் எதுவும் தரவில்லை. 'டூப்ளிகேட்தான், வேணும்னா இன்னும் ரெண்டாயிரம் கூட்டித் தாறேன்' என்றார்.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிக்கப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் கண்ணில் பட்டன. எட்டும் பளபளவென்று இருந்தன. ஒரு விரல் தள்ளி பிரிட்ஜ் உருளைகள் எல்லாம் துருவில் மங்கிக் கிடக்கின்றன. நடுவில் இவை மட்டும் நேற்றுப் பாக்கெட்டிலிருந்து எடுத்தவை. கன்ட்ரோல் இருக்கும் குரோம் தகட்டைக் கழற்றினோம். உள்ளே மூன்றும் சின்ன அளவுக் கன்ட்ரோல், சீன எழுத்தோடு. ஈயம் வைத்த இடங்கள் கண்ணாடி மாதிரி மின்னின. பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு நீளக் கறுப்புக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கிறது. பழைய ஜாஸ் பேஸ் பிக்கப்பில் அப்படி இருக்காது. கம்பி ஒன்றுக்கு இரண்டு வீதம் மேலே தெரியும் எட்டு உருண்டைக் குச்சிகளே அல்நிகோ காந்தங்கள். மலிவு பிக்கப்பில்தான் அந்தக் குச்சி வெறும் இரும்பாக இருந்து, அடியில் செராமிக் பட்டை ஒட்டப்பட்டிருக்கும்.

முன்பு என்ன இருந்தது என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இருந்தது. சில வருஷத்துக்கு முன் வால்யூமைத் திருப்பினாலே கரகரவென்று சத்தம் வந்தபோது, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் தகட்டைத் திறந்து கிளீனர் ஸ்ப்ரே அடித்தார். வயர் எது எங்கே என்று மறந்துவிடக் கூடாதென்று செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் மூன்று பெரிய கன்ட்ரோல்கள். ஒன்றின் முதுகில் 1377522 என்ற எண் தெளிவாகத் தெரிகிறது.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிட்டாரைப் படித்த மாதிரி. முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், கடைசி இரண்டும் வாரம். அதாவது 1975ஆம் ஆண்டு 22ஆம் வாரம். பழையவற்றில் வருஷத்துக்கு ஓர் இலக்கம் மட்டும் இருப்பதும் உண்டு. ஆனால் இது கன்ட்ரோல் செய்த தேதி, கிட்டார் செய்த தேதி அல்ல. ஃபெண்டர் மொத்தமாக வாங்கி வைத்துப் பயன்படுத்தியது. 1966 கன்ட்ரோல்கள் அதற்குச் சில வருஷம் பிந்திய கிட்டார்களிலும் கிடைக்கின்றன. அதனால் 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்பதுதான் அது சொல்லும் சேதி.

படத்தோடு கடைக்குப் போனோம். முதலில் "வந்தப்பவே அப்படித்தான் இருந்திச்சு" என்றார். செல்போனை நீட்டியதும், "பழைய பாட் கெட்டுப்போச்சு தம்பி, நல்லதா மாத்திக் குடுத்தேன். அதுக்குக் காசுகூட வாங்கலியே" என்றார். பாட் என்றது கன்ட்ரோலைத்தான். பழைய சாமான் எங்கே அண்ணாச்சி என்று கேட்டால், குப்பையில் போட்டாச்சாம். பைக் மெக்கானிக்கூட மாற்றின பிரேக் ஷூவைப் பையில் போட்டுக் கையில் தருவார்.

டூப்ளிகேட்டிலிருந்து எதற்குப் பழைய கன்ட்ரோலைக் கழற்ற வேண்டும்? அதற்குத் தனிச் சந்தை இருக்கிறது, அதனால்தான். 1970களின் நடுவில் வந்த, எதுவும் மாற்றாத ஜாஸ் பேஸ் வெளிநாட்டுச் சந்தையில் சில ஆயிரம் டாலருக்குப் போகிறது. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனிக்கு விற்றார். அதற்கு முன் செய்தவை என்றால் விலை பல மடங்கு. இந்தப் பணத்தைக் குறிவைத்து, புது பாடியிலும் நெக்கிலும் பழைய சாமானைப் பூட்டி 'வின்டேஜ்' ஆக்கி விற்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேதி எண் உள்ள கன்ட்ரோல், பழைய பிக்கப், நம்பர் அடித்த நெக் தகடு எல்லாம் காசு. கழற்றிய கிட்டாரின் விலை விழும். கழற்றினவருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

அப்புறம் திருவனந்தபுரத்தில் கிட்டார் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் சொன்னதே "எனக்கு இது வாங்க வேண்டாம், பார்த்துச் சொல்கிறேன்" என்பதுதான். எங்கள் முன்னாலேயே பிரித்தார். அவர் காட்டியதில் சிலவற்றை எழுதுகிறேன், உங்களுக்கும் பயன்படும்.

நெக் தகட்டு நம்பரை மட்டும் வைத்து அவர் வயது சொல்வதில்லை. திருகுகளைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். புதுத் தகட்டில் பழைய நம்பர் அடித்தும் விற்கிறார்கள். நெக்கைக் கழற்றி அடிக்கட்டையைப் பார்ப்பார். 1950களில் அங்கே பென்சிலால் தேதி எழுதியிருக்கும். 1962 முதல் மாதமும் வருஷமும் மை முத்திரையாக வரும். அந்த முத்திரையின் கடைசி எழுத்து ஏ, பி, சி என்று இருந்தால் அது நெக்கின் அகலம். அதைத் தரம் என்று சொல்லி விலை ஏற்றுபவர்களும் இருக்கிறார்களாம். எங்களுடையதைப் போல 70களின் நெக்கில் வெறும் இலக்க வரிசைதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் அழிந்திருக்கும்.

பிக் கார்டை, அதாவது கம்பிகளுக்குக் கீழே பாடியில் பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால், அதன் அடியில் வெயில் படாத பெயின்ட் வேறு நிறமாகத் தெரிய வேண்டும். எங்களுடையதில் சன்பர்ஸ்ட்டின் (ஓரம் கறுத்து நடுவில் வெளுக்கும் பெயின்ட்) சிவப்பு வெளியே வெளுத்துப்போயிருக்கிறது. பிக் கார்டின் அடியில் பஹ்ரைனில் வாங்கியபோது இருந்த சிவப்பு அப்படியே இருக்கிறது. அந்த நிழல் இல்லாமல் எல்லா இடமும் ஒரே நிறம் என்றால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம். மறு பெயின்ட் என்றாலே விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது வியாபாரிகள் கணக்கு. ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கும் கொஞ்சம் உதவும். 1968 வாக்கில் பாலியெஸ்டர் பூச்சு வருவதற்கு முன் அடித்த நைட்ரோ லாக்கர், பழசானால் அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாகத் தெரியும். பிந்திய கிட்டாரில் அப்படித் தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம்.

ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மாற்றியிருந்தால் பெரிய குறையில்லை, வாசித்த கிட்டாருக்கு அது சகஜம். பழைய பெட்டி இருந்தால் விலை கூடும். பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் மேலே போடும் குரோம் மூடிகள் இருந்தாலும் கூடும். வாசிக்கிறவர்கள் முதல் வேலையாக அவற்றைக் கழற்றிப் போட்டுவிடுவதால் பெரும்பாலும் கிடைக்காது. எங்கள் மாமி அலமாரியில் ஊக்கும் பட்டனும் போட்டு வைத்திருந்த பளபளப் பெட்டி அந்த பிரிட்ஜ் மூடிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கவிழ்த்து வைத்திருந்ததால் உட்பக்கம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது இத்தனை நாளும்.

'62 மாடல்' என்று யாராவது விற்றாலும் கவனம். 1962 ஜாஸ் பேஸைப் பார்த்து ஃபெண்டரே 1982லிருந்து மறுபதிப்பு செய்து விற்றிருக்கிறது. அமெரிக்காவில் செய்தவற்றின் தகட்டு நம்பர் வி எழுத்தில் தொடங்கும். ஜப்பானில் செய்ததும் அதே 1982இல் வந்தது. ஆரம்ப நம்பர் ஜேவி என்று தொடங்கும். இரண்டும் நல்ல கிட்டார்தான், அவற்றுக்கும் விலை உண்டு. ஆனால் 1962 அல்ல.

எங்கள் கிட்டாரைப் பற்றி அவர் எழுதித் தந்தது: பாடி, நெக், பெயின்ட், பிரிட்ஜ், ட்யூனிங் கீ எல்லாம் ஒரிஜினல், 1975, பிக்கப், கன்ட்ரோல், வயரிங் சமீபத்தில் மாற்றப்பட்டவை.

இதை வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். ஆயிரம் ரூபாய் அனுப்பிய யூபிஐ விவரம் இங்கேதான் கைகொடுத்தது. காசு கொடுத்து வாங்கிய சேவை என்பதால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் விவரம் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. அந்த மனுவும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

கிட்டாரை எங்கேயாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் நீங்களே குரோம் தகட்டையும் பிக் கார்டையும் திறந்து, கன்ட்ரோல் முதுகில் உள்ள எண்கள், பிக்கப்பின் அடிப்பக்கம், ஈயம் வைத்த இடங்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் போதும், ஒரு வயரையும் தொட வேண்டாம். சீட்டில் 'கிட்டார் 1' என்று எழுத விடாதீர்கள். மாடல், சீரியல் நம்பர், உள்ளே இருப்பவை என்னென்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மதிப்புச் சொல்கிறவரே விலைக்கும் கேட்டால் அவர் சொல்லும் மதிப்பைக் காதில் வாங்க வேண்டாம்.

சிஎஸ்ஆர் போட்ட பிறகு கடைப் பையன் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து மாமி கையில் கொடுத்துவிட்டுப் போனான். குப்பையில் போட்டதாகச் சொன்ன இரண்டு கன்ட்ரோல்களும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பும் அதில் இருந்தன. இன்னும் வராதவை நெக் பக்கத்துப் பிக்கப்பும், 1377522 எண் உள்ள கன்ட்ரோலும். யாராவது '1975 ஒரிஜினல்' என்று இந்த எண்ணோடு சாமான் விற்க வந்தால் வாங்காதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.