வோரிகோனசோலா, ஆம்போடெரிசினா?

அம்பாசமுத்திரத்து மாமாவுக்குச் சிறுநீரக மாற்று நடந்து ஆறு மாதம். சும்மா இருக்காமல் மக்கின வைக்கோல் படப்பைப் பிரித்தார். இருமல் விடவில்லை, நுரையீரலில் பூஞ்சை. அந்தத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் ஏராளம். நம்மைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரை விடாது. வோரிகோனசோல், ஆம்போடெரிசின் என்ற இரண்டு பூஞ்சை மருந்துகளில் எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஆஸ்பர்ஜில்லஸ் என்று உறுதியானால் வோரிகோனசோல்தான் முன்னே நிற்கும். 2002இல் வெளியான ஆய்வில் 12 வாரம் கழித்து அதை எடுத்தவர்களில் 71 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள்; பழைய ஆம்போடெரிசினில் 58. மாத்திரையாகவும் உண்டு, வீட்டுக்குப் போகலாம். ஆனால் பார்வை கொஞ்சம் மங்கும், வெயில் தோலைச் சுடும். நம்மூர் வெயிலுக்குக் குடை இல்லாமல் முடியாது. பெரிய சிக்கல் வேறு. எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கப் போடும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிடும். அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆம்போடெரிசினை நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். குளிர் நடுக்கம், பொட்டாசியம் இறக்கம், சிறுநீரகச் சேதம். மருந்தைக் கொழுப்பு உறைக்குள் வைத்துத் தரும் லிப்போசோமல் வகையில் இவை குறைவு, விலைதான் கண்ணைக் கட்டும். ஆனாலும் மியூகர் (2021இல் கருப்புப் பூஞ்சை என்று பயந்தோமே, அதேதான்) என்றால் வோரிகோனசோல் வேலைக்கே ஆகாது. எந்தப் பூஞ்சை என்று தெரியாத முதல் நாட்களில் மருத்துவர்கள் லிப்போசோமல் பக்கம் சாய்வது எனக்கு நியாயமாகவே படுகிறது.

மாமாவுக்குக் கவலை வேறு. "அது சரி மருமவனே, மிச்சப் படப்பை யாரு பிரிப்பா?"