இட்டினரியில் இரண்டு நாள், நாடாளுமன்றத்தின் முன்னால் பன்னிரண்டு நிமிடம்

டான்யூப் நதியில் கப்பல் பயணம் போக யாராவது அட்வான்ஸ் கட்ட இருந்தால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன செப்டம்பரில் நானும் கணவரும் அம்மாவும் ஜெர்மனியின் பாஸாவ் நகரில் ஏறி, ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் இறங்கினோம். ஏழு இரவு, எட்டுப் பகல். விமானம், விசா எல்லாம் சேர்த்துத் தலைக்கு மூன்றே கால் லட்சம். கப்பலில் சாப்பாட்டையோ ஊழியர்களையோ குறை சொல்ல மாட்டேன். வியன்னாவில் ஒரு முழு நாள் கிடைத்தது, அங்கேயும் குறையில்லை. ஏமாந்தது கடைசி ஊரில்தான். முதலில் ஒரு காகிதம் எங்கள் நேரத்தைத் தின்றது. மிச்சமிருந்த நேரத்தில் நாங்கள் அரக்கப்பரக்க ஓடியதைப் பார்த்து மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசை எடுத்துக்கொண்டார்கள்.

டூர் ஏஜென்ட் கோயம்புத்தூர்க்காரர். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. அவர் கொடுத்த இட்டினரியில், அதாவது பயணத் திட்டத் தாளில், ‘7ஆம் நாள்: புடாபெஸ்ட். 8ஆம் நாள்: புடாபெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே நாடாளுமன்றம், மீனவர் கொத்தளம், வீரர் சதுக்கம் என்று பெயர்கள், பளபளவென்று படங்கள். இரண்டு நாள் என்றுதான் நாங்கள் படித்தோம். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாடாளுமன்றத்துக்காக ஏன் இவ்வளவு புலம்பல் என்று தோன்றும். அம்மா முப்பத்திரண்டு வருடம் வரலாற்று டீச்சராக இருந்தவர். ஐரோப்பா என்றதும் ஈஃபில் கோபுரமா என்று கேட்கவில்லை. ஹங்கேரியின் புனித ஸ்டீபன் கிரீடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அது என்னவென்றே தெரியாது. கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து அவரே சொன்னார். ஹங்கேரி மன்னர்கள் முடிசூடிக்கொண்ட கிரீடம் அது. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் அது அமெரிக்க ராணுவத்தின் கைக்குப் போனது. அமெரிக்கா தன் தங்கத்தைப் பூட்டி வைக்கிற ஃபோர்ட் நாக்ஸில் அதையும் பூட்டி வைத்தது. ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்த 1978இல்தான் ஹங்கேரிக்குத் திரும்பியது. 2000இலிருந்து நாடாளுமன்றத்தின் நடுக் கோபுர மண்டபத்தில், காவலுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உச்சியில் உள்ள சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். “அந்தச் சாய்வை என் கண்ணால ஒருதரம் பாக்கணும் கண்ணு” என்றார். அங்கே போட்டோவும் எடுக்க விடமாட்டார்கள். நேரில் பார்த்தால்தான் உண்டு.

சரி, ஏழாம் நாள் வந்தது. கப்பல் கரை சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. எட்டாம் நாள் காலை ஒன்பதுக்குள் கேபினைக் காலி செய்ய வேண்டும், ஒன்பதரைக்கு விமான நிலையப் பேருந்து. ஆக, இரண்டு நாள் என்பது ஒரு பிற்பகலும் ஓர் இரவும்தான். கூடுதலாக எழுபதாயிரம் கட்டி பால்கனி அறை எடுத்திருந்தோம். அந்த ஊரில் கப்பல்கள் ஒன்றை ஒட்டி ஒன்றாக நிற்கும். கரையைத் தள்ளி நிற்கிற கப்பல்காரர்கள் கரைப் பக்கத்துக் கப்பலின் வரவேற்பறை வழியாக நடந்துதான் கரைக்குப் போக வேண்டும். எங்கள் பால்கனிக்கு எதிரே இன்னொரு கப்பலின் திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையின் பூ வேலைப்பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டரைக்குப் பேருந்தில் ஏற்றினார்கள். வழிகாட்டிப் பெண் நல்ல மாதிரி, அவர்மேல் வருத்தமில்லை. வீரர் சதுக்கத்தில் கால் மணி நேரம். ஆண்ட்ராஷி சாலையில் போகும்போது, “இதன் அடியில்தான் 1896இல் தொடங்கிய மெட்ரோ ஓடுகிறது, ஐரோப்பியக் கண்டத்தின் பெருநிலத்தில் முதல் சுரங்க ரயில்” என்றார். அது ஓடுவதைப் பார்க்க இறக்கிவிடவில்லை. பிறகு ஆற்றைக் கடந்து புடா என்கிற மறுகரைப் பகுதியின் மலைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மீனவர் கொத்தளம் என்கிற காட்சி மாடம். இட்டினரியில் ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று தடித்த எழுத்தில் இருந்தது இந்த ஓர் இடத்துக்குத்தான். கீழ்த்தளங்களில் யாரும் இலவசமாக நடக்கலாம். சுற்றுலாப் பருவத்தில், பகல் நேரத்தில் மேல் மாடத்துக்கு மட்டும்தான் டிக்கெட். எங்களைக் கீழ்த்தளத்தில்தான் விட்டார்கள். அதாவது, கட்டணமே இல்லாத இடத்துக்குக் கட்டணம் உட்பட! பெயரைக் கேட்டு ஏதோ பழைய கோட்டை என்று நினைத்துவிடாதீர்கள், 1902இல்தான் கட்டி முடித்தார்கள். ஆனால் அங்கே நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் நாடாளுமன்றம் முழுசாகத் தெரிகிறது. அந்தக் காட்சியை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசியாக நாடாளுமன்றம். கோஷூட் சதுக்கத்தின் ஓரத்தில் வண்டி நின்றது. கோபுரம் 96 மீட்டர், ஹங்கேரியர்களின் முன்னோரான மகியார் மக்கள் இந்த நிலத்துக்கு வந்த 896ஆம் ஆண்டின் நினைவாக. புனித ஸ்டீபன் பேராலயமும் அதே உயரம்தான் என்றார் வழிகாட்டி. பன்னிரண்டு நிமிடம் கழித்து எல்லாரும் வண்டிக்கு வந்துவிடவும் என்றார். அம்மா கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே போகக் கேட்பார்கள் என்று.

“எந்த வாசல்ல கண்ணு போகணும்?”

நான் வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் எங்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடுதான் சொன்னார்: “இதில் ‘ஸீ’ என்றுதானே இருக்கிறது மேடம், ‘விசிட்’ என்று இல்லையே.”

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். டூர்க்காரர்களின் தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலை இருக்கிறது. ‘ஸீ’, ‘வியூ’, ‘பாஸ் பை’ என்றால் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் இறக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றுவது. ‘பனோரமிக் டூர்’, ‘ஓரியண்டேஷன் டூர்’ என்று இருந்தால் பேருந்தை விட்டு இறங்குவதே அதிர்ஷ்டம். ‘விசிட்’ என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம், ‘என்ட்ரன்ஸ் இன்க்ளூடட்’ என்று அந்த இடத்தின் பெயருக்கு நேராகவே எழுதியிருக்க வேண்டும். அப்புறம் நாள் கணக்கு: எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்குக் கப்பல் வரும், எத்தனை மணிக்கு நாங்கள் இறங்க வேண்டும் என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். நான் இதில் எதையுமே கேட்கவில்லை. வங்கியில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான், கடன் பத்திரத்தில் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லி எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்!

ஐந்தரைக்குக் கப்பலுக்குத் திரும்பினோம். அம்மா ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வரவேற்பில் விசாரித்தேன். நாடாளுமன்ற டிக்கெட் அலுவலகத்தை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், ஓடினால் நாளைக் காலை முதல் சுற்றுக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். ஓடினோம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த அரை மணி நேர அவசரத்தில் நடந்தது.

ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் பணம் யூரோ இல்லை, ஃபோரின்ட். கையில் ஃபோரின்ட் இல்லையே என்று தெருவோரம் தனியாக நின்ற ஓர் ஏடிஎம்மில் கார்டைப் போட்டேன். சில்லறைத் தொகை எதுவும் திரையில் இல்லை, எல்லாம் பெரிய பெரிய எண். ஒரு யூரோவுக்கு நானூறு ஃபோரின்ட் அளவில் என்பதால் பூஜ்யங்களைப் பார்த்துத் தலை சுற்றியது. ஒரு லட்சத்தை அழுத்தினேன். அடுத்து, ‘கன்வர்ஷனை ஏற்கிறீர்களா’ என்று பச்சை நிறத்தில் பெரிய பொத்தான். அது பணம் எடுக்கச் சம்மதமா என்கிற கேள்வி என்று நினைத்து அழுத்திவிட்டேன். இல்லை. தன் விருப்பத்துக்கு ஒரு விலை வைத்து மாற்றிக்கொள்ள இயந்திரம் கேட்கிற அனுமதி அது. அன்றைய விலைக்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் போயிருந்ததை ஊருக்கு வந்துதான் கண்டுபிடித்தேன். ‘வேண்டாம்’ என்று அழுத்தினாலும் பணம் வரும். நம் வங்கியின் விலையில் வரும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், ரூபாயா ஃபோரின்டா என்று. ஃபோரின்ட் என்றே சொல்லுங்கள். பணம் எடுக்க வேண்டியிருந்தால் வங்கிக் கிளையோடு சேர்ந்திருக்கிற ஏடிஎம்மைத் தேடுங்கள்.

அடுத்து டாக்ஸி. படித்துறைக்கு மேலே ஒரு வெள்ளைக் கார் நின்றது. ‘பார்லிமென்ட்’ என்றதும் கதவைத் திறந்துவிட்டார். என் கணவர், “எவ்வளவுன்னு கேளு” என்றார். “மீட்டர், மீட்டர்” என்று அந்த ஆள் சிரித்தார். இறங்கும்போது ஐம்பது யூரோ. மூன்று கிலோமீட்டர் கூட இருக்காது. நம் பணத்தில் ஐந்தாயிரம். மீட்டர் எங்கே என்றால் காதில் வாங்கவில்லை, பூட்டிய கதவும் காசு கைக்குப் போன பிறகுதான் திறந்தது. அந்த ஊரில் உரிமம் உள்ள டாக்ஸி எல்லாமே மஞ்சள் நிறம், எல்லா நிறுவனத்துக்கும் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம், ரசீது கட்டாயம். மஞ்சள் இல்லாத காரில் ஏறாதீர்கள். தெருவில் கைகாட்டி நிறுத்துவதைவிட ஆப்பில் கூப்பிடுவது நல்லது.

டிக்கெட் அலுவலகம் மூடவில்லை, ஆனால் மறுநாள் காலை ஆங்கிலச் சுற்றுகள் எல்லாம் தீர்ந்திருந்தன. உள்ளே தனியாகச் சுற்ற முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்கு, குறிப்பிட்ட மொழியில், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். முக்கால் மணி நேரச் சுற்று. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிட வேண்டும், அங்கே நேரில் கிடைப்பது மிச்சம் மீதிதான். ஐரோப்பியர்களுக்கு ஒரு விலை, நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இருந்தாலும் அந்த டாக்ஸிக்காரருக்குக் கொடுத்ததை நினைத்தால் ஒன்றுமில்லை.

அம்மாதான், “வந்தது வந்துட்டோம், ஆத்தோரமா நடக்கலாம்” என்றார். தெற்கே சில நிமிடம் நடந்து, கார்கள் சீறிப் போகிற கரைச் சாலையைப் பயந்து பயந்து கடந்தால் நீரின் விளிம்பில் இரும்பில் வார்த்த காலணிகள். அறுபது ஜோடி. ஆண்களுடையது, பெண்களுடையது, குழந்தைகளுடையது, எல்லாம் நாற்பதுகளின் பாணியில். 1944–45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லிவிட்டு, சுட்டு ஆற்றில் தள்ளிய இடம். நினைவுச்சின்னத்தை 2005இல் வைத்திருக்கிறார்கள். எங்கள் பேருந்து பகலில் இந்தக் கரைச் சாலையில்தான் போனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா ஒரு சின்ன ஷூவின் முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார். பாஸ்போர்ட் இன்னும் கையிலேயே இருந்தது.

மேலே ஏறி வந்து எப்படித் திரும்புவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, நிறுத்தத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள்: 2ஆம் எண் டிராம். ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. எங்கள் படித்துறைக்கு மேலே நின்று, நாடாளுமன்ற வாசலுக்கு நேராக வந்து நிற்கிற டிராம்! ஊதா நிற இயந்திரத்தில் டிக்கெட், தலைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். ஏறியதும் டிக்கெட்டை முத்திரை குத்திவிட வேண்டும், இல்லையென்றால் பரிசோதகர் அபராதம் போடுவார். இதைக் கப்பலில் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுடைய கட்டண உலாக்களை யார் வாங்குவார்கள்?

கப்பல் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்ததால் வாட்ஸி தெருவில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். சுருக்கமாகச் சொல்கிறேன்: மெனுவில் தண்ணீருக்கு விலை போடவில்லை, பில்லில் போட்டிருந்தார்கள், சேவைக் கட்டணம் 15 சதவீதம் ஏற்கெனவே சேர்த்துவிட்டு, ‘டிப்ஸ் தனி’ என்று வாய் கூசாமல் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அதே தெருவில் தனியாக நடக்கிற ஆண்களிடம் அழகான பெண்கள் வழி கேட்டு, பக்கத்து பாருக்குக் கூட்டிப்போய், தலையை அடகு வைக்கிற பில் வரவழைப்பது பழைய வித்தை. தூதரகங்களே எச்சரித்திருக்கின்றன. பையன்களை அனுப்புகிறவர்கள் சொல்லி அனுப்புங்கள்.

ஊர் திரும்பியதும் ஏஜென்டைப் பார்த்தேன். “எல்லாம் டெர்ம்ஸ்ல இருக்குங்க மேடம்” என்றார். அடுத்த டூரில் கழித்துக்கொள்ள ஐயாயிரம் ரூபாய் கூப்பன் நீட்டினார். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன். அது நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்களுடையது மூன்று பேருக்குச் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தாண்டுவதால் சிறு கட்டணம் உண்டு. இட்டினரி, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், கப்பலில் தினமும் கொடுத்த நேர அட்டவணை எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். அந்த அட்டவணையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், வந்த நேரமும் இறங்கிய நேரமும் அதில்தான் இருக்கும்.

போன வாரம் அதே ஏஜென்டின் அடுத்த வருட விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் புகாரைப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. ‘ஸீ’யை எடுத்துவிட்டார். இப்போது ‘எக்ஸ்பீரியன்ஸ் தி ஹங்கேரியன் பார்லிமென்ட்’ என்று இருக்கிறது.