கேனா, ஆர்.ஓ.வா, கொதிக்க வைத்த தண்ணீரா?

சென்னையில் வாடகை வீடு மாறினால், பால் காய்ச்சிய கையோடு பக்கத்து வீட்டில் கேட்பது "இங்க கேன் யாருங்க போடுறாங்க?" என்பதைத்தான். குடிதண்ணீரைக் காசுக்கு வாங்குவது அவ்வளவு சகஜமாகிவிட்டது. 1965-இல் பிஸ்லெரி மும்பைக்கு வந்தபோது கண்ணாடி பாட்டில் தண்ணீரைப் பெரிய ஹோட்டல்காரர்கள்தான் வாங்கினார்கள். 1969-இல் பார்லே அதை வாங்கியதும் சோடா விற்க அந்தப் பெயர் உதவும் என்றுதான்.

சரி, கேனுக்கு வருவோம். எங்கள் தெருவில் 20 லிட்டர் 40 ரூபாய், அதாவது லிட்டர் 2 ரூபாய். பெட்டிக்கடையில் லிட்டர் பாட்டில் சுமார் 20 ரூபாய். இரண்டுக்கும் இந்தியத் தர எண் ஒன்றே: ஐ.எஸ். 14543. நாம் "மினரல் வாட்டர்" என்று கேட்டாலும், லேபிளில் இருப்பது "பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்". நிஜ மினரல் வாட்டருக்கு எண்ணே வேறு, 13428. கேனில் வருவது பெரும்பாலும் ஆர்.ஓ.வில், அதாவது உப்பை வடிகட்டும் மெஷினில், சுத்திகரித்த போர் தண்ணீர். ஆக, கேன் வாங்குபவரும் ஆர்.ஓ. தண்ணீர்தான் குடிக்கிறார். மெஷின் வேறொருவர் ஷெட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

எனக்குத் தண்ணீரைவிட கேன் மேல்தான் சந்தேகம். எத்தனை வீடு சுற்றி வந்ததோ, உடம்பெல்லாம் கீறல் விழுந்து மங்கிப்போய் வரும். ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் பச்சையாக ஒரு கோடு. சீல் என்னவோ புத்தம் புதுசு. அன்று அதைத் திருப்பி அனுப்பினேன். அப்புறம், 20 கிலோவை மூன்றாம் மாடிக்குத் தூக்குவது யார் என்ற பஞ்சாயத்து தனி.

வீட்டு ஆர்.ஓ.வில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சாதாரண மெஷின் மூன்று லிட்டர்வரை வெளியே தள்ளும். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம்தான். எத்தனை நாளைக்குப் பிடிப்போம்? ஃபில்டர் மாற்ற வருகிறவர் சொல்லும் தொகை ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கும். குடிநீரில் உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது ஐ.எஸ். 10500. அதற்குக் கீழே இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. வாங்குவது வீண் செலவு. பேனா அளவு மீட்டரை டம்ளரில் முக்கினால் தெரிந்துவிடும். போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுகிற வீட்டில் மட்டும் ஆர்.ஓ.வுக்கு என் ஓட்டு.

மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், ஒழுங்காக வரும் வீட்டுக்கு அடுப்பே போதும். நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. வினிகர் ஊற்றி வைத்தால் விட்டுவிடும். ஆறியதைப் பானையில் ஊற்றினால் மத்தியானத்துக்குள் ஜில்லென்றிருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டி. மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கும் ஃபிளாட்டில், குழாயில் இன்று வருவது எது என்று வாட்ச்மேனுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் மீட்டர் 380 காட்டியது. அதனால் அடுப்பும் பானையும். சம்ப்பில் லாரித் தண்ணீர் இறங்கும் கோடை வாரங்களில் மட்டும் கேன்காரருக்கு போன் போகும். "என்ன சார், ஆளையே காணோம்?" என்பார்.