கோதுமை பீர்: பக்கத்து ப்ரூவரி டேப்பா, பவேரியா பாட்டிலா?

பெங்களூரில் கோதுமை பீர் குடிக்க நினைப்பவருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. இந்திராநகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் போன்ற ஒரு ப்ரூபப்பில் உட்கார்ந்து, அங்கேயே காய்ச்சி, அங்கேயே டேப்பில் (குழாயில்) பிடித்துத் தரும் ஹெஃபவைசனை, அதாவது ஜெர்மனியின் பவேரியா பாணி கோதுமை பீரைக் கேட்கலாம். இல்லாவிட்டால் பெரிய மதுக்கடைக்குப் போய், கப்பலேறி வந்த ஜெர்மன் பாட்டிலையோ பெல்ஜியம் பாட்டிலையோ வாங்கி வரலாம். "அசல் ஜெர்மனி சரக்கே கிடைக்கும்போது உள்ளூர்க்காரன் போட்டது எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. ஹெஃபவைசன் என்றால் என் ஓட்டு உள்ளூருக்குத்தான். எல்லா கோதுமை பீருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

காரணம் ஈஸ்ட். ஹெஃபவைசனில் மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த தானியத்தில்) பாதிக்குக் குறையாமல் கோதுமை மால்ட் இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் விதி. பாலேடு மாதிரியான அந்த வழவழப்பும், தடித்து நிற்கும் நுரையும் கோதுமை தருபவை. வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் ஈஸ்ட் தருபவை. இதில் பழமோ மசாலாவோ ஒரு துளிகூடச் சேர்ப்பதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழமாக மணக்கிறது. மால்ட்டில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை அது 4-வினைல் குவையகாலாக மாற்றும்போது கிராம்பு வருகிறது. அதனால்தான் கிராம்பு தூக்கலாக வேண்டும் என்று நினைக்கும் ப்ரூவர், மால்ட் கரைசலைச் சுமார் 45 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் நிறுத்தி வைப்பார். நொதிக்கும் சூடு கூடினால் பொதுவாக வாழைப்பழம் முந்திக்கொள்ளும். வேறு எந்த பீரிலும் காய்ச்சியவரின் கை இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதை நான் பார்த்ததில்லை.

இந்த வாசங்கள் நீண்ட நாள் தாங்குவதில்லை. கப்பல், துறைமுகம், குடோன், வெயில் ஏறும் கடை அலமாரி என்று மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் முதலில் மங்குவது அவைதான். வைஹென்ஸ்டெஃபானர் ஹெஃபவைஸ்பியர் (5.4 சதவீதம் ஆல்கஹால்) உலகின் மிகச் சிறந்த கோதுமை பீர்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஊர் அலமாரியில் பழசாகிப்போன பாட்டிலைத் திறந்தால் முதலில் வருவது தேன் வாசம், பின்னாலேயே நனைந்த அட்டையின் வாசம். கிராம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நன்றாகப் போடும் ப்ரூபப்பின் புது பேட்சோ, கிளாஸ் மேஜைக்கு வந்து சேரும் முன்பே ரஸ்தாளி வாசம் மூக்கைத் தொடும். மஞ்சள் கலங்கல் நிறம், விரல் தடிமனில் நுரை. முதல் மடக்கில் பழம், விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் கிராம்பின் மெல்லிய உறைப்பு. கசப்பு பேருக்குத்தான்.

உள்ளூரில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு இடத்தில் ஃப்ரீசரில் உறைய வைத்த கிளாஸில் ஊற்றி, விளிம்பில் எலுமிச்சைத் துண்டும் செருகிக் கொடுத்தார்கள். அந்தக் குளிரில் வாசமே எழும்பாது. எலுமிச்சைத் தோலின் எண்ணெய் நுரையை அமுக்கிவிடும். ப்ரூவர் பாடுபட்டுக் கொண்டுவந்ததெல்லாம் மேஜையில் வீண். 8 டிகிரி அளவில், எலுமிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெல்ஜியம் பாணி விட்பியருக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. மால்ட் ஆக்காத கோதுமை, கொத்தமல்லி விதை, காய்ந்த ஆரஞ்சுத் தோல்: இதுதான் அதன் அடிப்படை. 1950-களில் அழிந்தே போன இந்தப் பாணியை, 1960-களின் நடுவில் ஹூகார்டன் என்ற கிராமத்தில் பியர் செலிஸ் என்பவர் மீண்டும் காய்ச்ச ஆரம்பித்தார். முன்பு பால்காரராக இருந்தவர் அவர். இந்தியாவில் 2015-இல் வந்த பீரா 91 ஒயிட் இந்தச் சுவையைப் பலருக்குப் பழக்கிவிட்டது. இங்கே வாசத்தில் பெரும்பங்கு மல்லியும் தோலும் தருவதால், ஓரளவு பழைய பாட்டில்கூட என் நாக்குக்குக் குடிக்கும்படிதான் இருக்கிறது. சின்ன ப்ரூவரிகள் சறுக்குவது பெரும்பாலும் அளவில். மல்லி ஒரு பிடி கூடினால் சோப்பு நெடி வந்துவிடும். அதனால் ஹூகார்டன் பாட்டிலா, தெரியாத ப்ரூபப்பின் விட்பியரா என்றால் பாட்டில் பக்கம் சாய்வேன். முதலில் சாம்பிள் கேட்டு, பிடித்திருந்தால் மட்டும் டேப்.

கடும் கோதுமை பீரான வைசன்பாக்கில் போட்டியே கிடையாது, பாட்டில்தான். கோதுமை பீர் காய்ச்சும் உரிமை நெடுங்காலம் பவேரிய அரச குடும்பத்தின் கையில் இருந்தது. அதை 1872-இல் பெற்றவர் கியோர்க் ஷ்னைடர். அந்த ஷ்னைடர் ப்ரூவரி 1907 முதல் போடுவது அவென்டினஸ், 8.2 சதவீதம். காய்ந்த திராட்சை, அத்தி, அடியில் கிராம்பு. இந்த வலு இருப்பதால் காலம் இதைக் கெடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பாதாள அறையில் வைத்துப் பழக்கிய பாட்டில்களை அந்த ப்ரூவரியே விற்கிறது. கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் எடுங்கள். இரண்டு பேர் பகிர்ந்தால் ஒரு பாட்டில் போதும்.

ப்ரூபப்பில் உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்த பேட்ச் எப்போது டேப்புக்கு வந்தது?" என்பது. பதில் சொல்லத் தெரிந்த இடத்தில் ஹெஃபவைசன் சொல்லுவேன். தெரியாவிட்டால் வழக்கமான லாகர் பீர். வீட்டுக்குப் பாட்டில் வாங்கும்போது பின்பக்க லேபிளில் தேதியைப் பாருங்கள். ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கடையை நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்கிவிட்டு மிச்சத்தையும் கிளாஸில் ஊற்றுங்கள். அந்த வண்டலை விட்டுவிட்டால் பாதி ருசி பாட்டிலிலேயே தங்கிவிடும்.