கார்லோஸ் க்ளைபரோட பீத்தோவன் 5, 7 சிடி: கண்டிப்பா வாங்கலாம்

வெஸ்டர்ன் கிளாசிக்கல்ல ஒரே ஒரு சிடிதான் வாங்குவேன்னு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் கைகாட்டுறது இதைத்தான், டாய்ச்சே கிராமஃபோன் ரெக்கார்ட் கம்பெனியோட 'ஒரிஜினல்ஸ்' வரிசைல கிடைக்குது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சது, அவங்களை முன்னாடி நின்னு நடத்தின கண்டக்டர்தான் கார்லோஸ் க்ளைபர். பீத்தோவனோட 5வது சிம்ஃபொனி (முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதின, நாலு மூவ்மென்ட், அதாவது நாலு பகுதி உள்ள பெரிய இசை) 1974ல ரெக்கார்ட் பண்ணது, 7வது அதுக்கடுத்து 1975-76ல.

5வதோட ஆரம்பத்துல வர்ற அந்த நாலு ஸ்வரம் எல்லாருக்கும் தெரியும், ஆனா இதுல கேட்டா உடம்பு சிலிர்க்கும். அதைவிட மூணாவது மூவ்மென்ட் முடியுற இடம்தான் எனக்கு உசுரு, எல்லாம் அடங்கிப்போய் டிரம் மட்டும் மெதுவா தட்டிட்டே இருக்கும், அப்படியே ஏறி ஏறி ஃபைனல் வெடிக்கும்போது அதுவரைக்கும் வாயே திறக்காத டிராம்போன்ங்கிற பித்தளை ஊதுகருவிலாம் சேர்ந்து வரும் பாருங்க, அடடா!

கார்லோஸோட அப்பா எரிக் க்ளைபரும் பெரிய கண்டக்டர். நாஜிகளோட கெடுபிடிய எதிர்த்து 1934ல பெர்லின் ஸ்டேட் ஆபரா பதவியையே விட்டுட்டு வந்த மனுஷன், அப்புறம் குடும்பம் அர்ஜென்டினா போக, கார்ல்ங்கிற பையன் அங்க கார்லோஸ் ஆயிட்டார். பையன் மியூசிக் பக்கம் வர்றதுல அப்பாவுக்கு இஷ்டமில்ல, சூரிச்ல கெமிஸ்ட்ரி படிக்க வச்சாங்க. 1954ல போட்ஸ்டாம்ல முதல் மேடை ஏறினப்ப க்ளைபர்ங்கிற பேரையே போட்டுக்கல, கார்ல் கெல்லர்னுதான் ஏறினார்.

ஆனா அப்பா எங்கயும் போயிடல, இந்த சிடிலயே இருக்கார். 7வதோட ரெண்டாவது மூவ்மென்ட் கடைசில வழக்கமா வயலின்காரங்க வில்லு போட்டு முடிப்பாங்க, இதுல கடைசி வரைக்கும் விரலாலயே மீட்டி முடிக்கிறாங்க, எரிக்கும் அப்படித்தான் பண்ணுவார். அவர் 1953ல ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபாவ் ஆர்க்கெஸ்ட்ராவோட டெக்கா கம்பெனிக்குப் பண்ண 5வது கிடைச்சா அதையும் பக்கத்துல வச்சு கேளுங்க, அந்த வேகமும் பிடிவாதமும் எந்த வீட்டுலேர்ந்து வந்ததுன்னு புரியும். 7வதோட இந்த ரெண்டாவது மூவ்மென்ட்டை நிதானமா உருகி உருகி கேட்கணும்ங்கிறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் வேகமா தெரியலாம், எனக்கு இந்த நடைதான் சரி.

பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவே அவங்க தலைமைக் கண்டக்டர் கரயானுக்கு அப்புறம் கூப்பிட்டும் மாட்டேன்னவர் கார்லோஸ், பண்ண ரெக்கார்டிங்கும் ரொம்ப கம்மி, அதனால இருக்கிற ஒவ்வொண்ணும் பொக்கிஷம். ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஃபர்ஸ்ட் வயலின் ஒரு பக்கம் செகண்ட் வயலின் எதிர்ப்பக்கம் உட்கார வச்சிருக்கார், ரெண்டும் மாத்தி மாத்தி பேசிக்கிறது தெளிவா கேட்கும். இது பிடிச்சிருந்தா அடுத்து அதே வியன்னாவோட 1980ல பண்ண பிராம்ஸ்ங்கிற இசையமைப்பாளரோட 4வது சிம்ஃபொனி வாங்குங்க.