பழைய ப்ளூகிராஸ் லைவ் பதிவுகள்: வானொலித் தட்டா, பூங்கா டேப்பா, கார்னகி கச்சேரியா?

அமெரிக்கத் தெற்கத்தி நாட்டுப்புறத் தந்திவாத்திய இசையான ப்ளூகிராஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாரும் முதலில் கேட்கச் சொல்வது, 1946, 47இல் பில் மன்றோ கோஷ்டி கொலம்பியா கம்பெனிக்குக் கொடுத்த 28 உருப்படிகளைத்தான். சரியான சிபாரிசு. மன்றோவின் மாண்டலின், லெஸ்டர் ஃப்ளாட்டின் கிடார், ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் பான்ஜோ, சப்பி வைஸின் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸின் பாஸ் என்று இந்த இசையின் இலக்கணம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் 78 சுழற்சித் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் தாங்கும். அதற்குள் பாட்டு, பின்பாட்டு, ஆளாளுக்கு ஒரு துண்டு தனி ஆவர்த்தனம் என்று எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும், கைதட்ட ஆளும் கிடையாது. இந்த ஆட்கள் கூட்டத்தின் முன்னால் நின்றால் என்ன செய்வார்கள் என்று தெரிய வேண்டுமானால் லைவ் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் ‘லைவ்’ என்ற ஒரே பேரில், குணத்தில் துளியும் ஒட்டாத மூன்று நான்கு வகைகள் புழங்குகின்றன.

முதலில் வானொலி. நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 50,000 வாட்ஸில் ஒலிபரப்பிய கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியில் மன்றோ 1939இல் சேர்ந்தார். ஸ்க்ரக்ஸ் 1945 கடைசியில் வந்து சேர்ந்து 1948 தொடக்கத்தில் விலகிவிட்டார். இடைப்பட்ட அந்த இரண்டு சொச்சம் வருஷத்தில் சனிக்கிழமை ராத்திரிகளில் என்ன நடந்தது என்பதற்குக் காதால் கேட்கக்கூடிய சாட்சி, அலுமினியத்தின் மேல் அரக்குப் பூசிய தட்டுகளில் வெட்டி எடுத்த துண்டுகள்தான். வீட்டு ரேடியோவிலிருந்து பிடித்த தட்டு என்றால் அதில் எல்லா நோயும் இருக்கும்: பாட்டு பாதியில் ஆரம்பிக்கும், தட்டு தீர்ந்ததும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதுபோல நின்றுவிடும், இரவு நேரத்து ஏ.எம். அலை ஏறி இறங்கும்போது மன்றோவின் குரலும் கூடவே மூழ்கி எழும். பாஸ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

அப்புறம் ஏன் கேட்பது என்றால், பான்ஜோ தனி ஆவர்த்தனம் வரும் இடத்துக்காக. ஸ்க்ரக்ஸ் இரண்டு சொற்கட்டு வாசித்திருக்க மாட்டார், அரங்கம் கத்த ஆரம்பித்துவிடும், பாட்டு முடியும்வரை பொறுப்பதில்லை. பான்ஜோ என்றால் கோமாளி தூக்கிக்கொண்டு வரும் வாத்தியம் என்று பழகியிருந்த கூட்டம் அது. அந்தக் கூச்சலை ஸ்டுடியோ ரெக்கார்டு எதுவும் தராது. இருந்தாலும் இது ஏற்கெனவே பைத்தியம் பிடித்தவர்களுக்கான சரக்கு. புதியவர் கையில் இதைக் கொடுத்தால் ஐந்தாவது நிமிஷம் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதற்கு நேரெதிர்த் துருவம் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் தனிக்கோஷ்டியாக 1962 டிசம்பர் 8ஆம் தேதி நியூயார்க் கார்னகி அரங்கில் நடத்திய கச்சேரி. கொலம்பியா முறையாகப் பதிவுசெய்து 1963இல் எல்.பி. இசைத்தட்டாக விட்டது. ஒலி பளிச்சென்று இருக்கும், ஸ்க்ரக்ஸின் விரல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம், ஜோஷ் கிரேவ்ஸின் டோப்ரோ, அதாவது படுக்கவைத்து உலோகத் துண்டால் வழுக்கி வாசிக்கும் கிடார், வழுக்கிக்கொண்டு வந்து குரலுக்குப் பின்னால் உட்காருவதுகூடத் தெளிவாகக் கேட்கும். அப்போது ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதன் முகப்புப் பாட்டால் இவர்கள் வாசிப்பு வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. நியூயார்க் நாட்டுப்பாடல் ரசிகர்களும் தெற்கத்தி ஆட்களும் கலந்த கூட்டம். யாரோ ‘மார்த்தா ஒயிட்’ மாவு விளம்பரப் பாட்டைக் கேட்டுக் குரல் கொடுக்கிறார்கள், கோஷ்டியும் கார்னகி மேடையில் நின்று அதைப் பாடுகிறது. வருஷக்கணக்காக விடியற்காலை ரேடியோவில் இவர்களுக்குச் சோறு போட்ட மாவுக் கம்பெனி அது, விட்டுக்கொடுப்பார்களா.

குறை என்று சொன்னால் இரண்டு. ஒன்று, பழைய எல்.பி.யில் கச்சேரியை நறுக்கிக் குறைத்துவிட்டார்கள், வாங்கினால் 1998இல் வந்த முழுக் கச்சேரியைத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் ருசி சம்பந்தப்பட்டது. ஃப்ளாட் மிகவும் மரியாதையாக இருக்கிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் பலகாரம் எடுத்து வைக்கிற தினுசில் ஒவ்வொரு உருப்படியும் வந்து போகிறது, சட்டை கசங்குவதில்லை. வாசிப்பில் பிழை சொல்ல முடியாது, ஆனால் மாண்டலினுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லாத கோஷ்டி என்பதால், மன்றோவிடம் கிடைக்கும் அந்த ‘சாப்’, அதாவது டிரம்ஸே இல்லாத இசையில் எதிர்த்தட்டில் வெட்டு வெட்டாக விழும் மாண்டலின் அடி, இங்கே இல்லை. அது இல்லாத ப்ளூகிராஸ் எனக்கு ஒரு மாற்றுக் குறைவுதான்.

இனி பூங்கா டேப்புகள். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1950களில் மேரிலாந்து மாநிலம் ரைசிங் சன் ஊர்ப் பக்கம் நியூ ரிவர் ராஞ்ச் என்று ஒரு இடம், பாடகி ஓலா பெல் ரீடும் அவருடைய சகோதரர் அலெக்ஸ் கேம்பெல்லும் நடத்தினார்கள். அங்கிருந்து அதிக தூரமில்லை, பென்சில்வேனியாவில் சன்செட் பார்க். மரத்தடியில் பலகை பெஞ்சு, முன்னால் ஒரு மேடை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் அப்பலாச்சிய மலைப்பக்கத்திலிருந்து வேலை தேடி வடக்கே வந்தவர்கள், பாட்டில் வருகிற ஊரும் அம்மாவும் பழைய வீடும் அவர்களுக்குச் சொந்த சமாச்சாரம். நாட்டுப்பாடல் கலைஞரும் சேகரிப்பாளருமான மைக் சீகர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனது இந்த இடங்களுக்குத்தான். அவர் பிடித்தவையும் மற்ற ஆர்வலர்கள் பிடித்தவையும் இல்லையென்றால் 50களின் மன்றோவை மேடையில் கேட்க நமக்கு வழியே இருந்திருக்காது.

இந்த டேப்புகளில் என்ன கேட்கும்? கோஷ்டி முழுக்க ஒன்றிரண்டு மைக்கை வைத்துக்கொண்டு சமாளித்த காலம். வாசிக்க வேண்டியவர் முன்னால் வருவார், முடித்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்வார். அந்த நடமாட்டம் அப்படியே ஒலியாகப் பதிவாகியிருக்கிறது: ஃபிடில் தூரத்திலிருந்து கிட்டே வருகிறது, முடியும் தறுவாயில் பக்கவாட்டில் விலகுகிறது, அந்த அரை நொடி இடைவெளியில் மாண்டலின் பாய்ந்து உள்ளே வருகிறது. கண்ணை மூடினால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். தனித்தனி மைக் வைத்துக் கலந்த பிற்காலப் பதிவுகளில் எல்லாரும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோலத்தான் இருக்கும். அப்புறம் பாட்டுக்கு நடுவே பேச்சு, கடி ஜோக், கூட்டத்திலிருந்து ‘அதைப் பாடு, இதைப் பாடு’ என்று வரும் குரல், ஏதோ ஒரு குழந்தையின் அழுகை.

தாளமும் வேறு மாதிரி. ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’யை மன்றோ 1946இல் நிதானமான மூன்றெண்ணிக்கை வால்ட்ஸாகப் பாடினார். 1954இல் எல்விஸ் பிரெஸ்லி அதைத் தூக்கி நாலெண்ணிக்கை ஓட்டத்தில் விட்டதும், மன்றோவும் அதே வருஷம் மறுபடி பதிவுசெய்தார், பாதி வால்ட்ஸ், மீதி ஓட்டம் என்று. அதற்குப் பிறகு வந்த மேடைப் பதிவுகளில் வேகம் மாறும் அந்த இடத்தைக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள். தன் பாட்டை ஒரு சின்னப் பையன் எடுத்துப் பேர் வாங்கிவிட்டான் என்ற கோபம் இருந்ததோ இல்லையோ, வாசிப்பில் ஒரு பிடிவாதம் தெரிகிறது.

சரி, எல்லாப் பூங்கா டேப்பும் தங்கமா என்றால் இல்லை. 50களின் பின்பகுதியில் ராக் அண்ட் ரோல் அலையில் மன்றோவுக்கு நிரந்தரக் கோஷ்டி வைத்துக் கட்டுப்படியாகவில்லை, பல இடங்களில் அகப்பட்ட ஆளைச் சேர்த்துக்கொண்டு மேடையேறியிருக்கிறார். அந்த நாட்களின் டேப்பில் பான்ஜோக்காரர் பாட்டு எங்கே திரும்புகிறது என்று தெரியாமல் திணறுவது பச்சையாகக் கேட்கும். எனக்கு அதுவும் பிடிக்கும், ஏனென்றால் மன்றோ மாண்டலினை இன்னும் அழுத்தி அடித்துக் கோஷ்டியை இழுத்துக்கொண்டு போவது அப்போதுதான் நன்றாகத் தெரிகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் இதை எதிர்பார்க்க மாட்டார். அவருக்கு நாட்டுப்புற இசை ஆய்வாளர் ரால்ஃப் ரின்ஸ்லர் தொகுத்து ஸ்மித்ஸோனியன் ஃபோக்வேஸ் 1993இல் வெளியிட்ட ‘ஆஃப் த ரெக்கார்டு’ முதல் தொகுதி போதும். 1956 முதல் 1969 வரை பல மேடைகளிலிருந்து பொறுக்கி எடுத்தது, பதரெல்லாம் ஏற்கெனவே புடைத்தாகிவிட்டது. இரண்டாம் தொகுதி மன்றோவும் கிடார் கலைஞர் டாக் வாட்சனும் ஜோடியாகப் பாடியது, மாண்டலின், கிடார், இரண்டு குரல், அவ்வளவுதான். சாயங்காலத்துக்கு நல்லது, ஆனால் கோஷ்டி இசையின் வேகம் தேடிப் போனால் கிடைக்காது.

இந்த மூன்றிலும் அடங்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கார்ட்டர், ரால்ஃப் என்ற ஸ்டான்லி சகோதரர்கள், இன்னொரு ப்ளூகிராஸ் கோஷ்டி, டென்னசி, வர்ஜீனியா எல்லையில் இருக்கிற பிரிஸ்டல் ஊரின் டபிள்யூ.சி.ஒய்.பி. நிலையத்தில் வளர்ந்தவர்கள். 1956இல் லாரி எர்லிக் என்ற ரசிகர் ராத்திரி வேளையில் அந்த நிலையத்திலேயே அவர்களைப் பாடவைத்துப் பிடித்த டேப், 2004இல்தான் ‘ஆன் ஈவ்னிங் லாங் அகோ’ என்ற பேரில் வெளியே வந்தது. கூட்டம் கிடையாது, கைதட்டல் கிடையாது, விற்க வேண்டிய தட்டும் கிடையாது. கார்ட்டர் ஸ்டான்லி அவசரமே இல்லாமல் பாடுகிறார், தம்பி ரால்ஃபின் மேல்குரல் அதன்மேல் கத்தி வைத்த மாதிரி ஏறுகிறது. கார்ட்டர் 1966இல் 41 வயதிலேயே போய்விட்டார் என்பது தெரிந்து கேட்டால் இன்னும் கனமாக இருக்கும். இதை லைவ் என்பதா ஸ்டுடியோ என்பதா என்று வாதாடலாம். குரலுக்காக மட்டும் ப்ளூகிராஸ் கேட்பவர் என்றால், பூங்கா டேப்பைக்கூட ஒதுக்கிவிட்டு இதை எடுங்கள் என்பேன்.

பான்ஜோ கற்றுக்கொள்கிறவருக்குக் கேள்வியே இல்லை, கார்னகிதான், விரல்களைப் பிரித்துக் கேட்க வேறு வழியில்லை. பாடம் கற்க வேண்டாம், அனுபவித்தால் போதும் என்பவருக்குப் பூங்கா. அரியக்குடி காலத்துக் கச்சேரிப் பதிவுகளை இரைச்சலோடு கேட்டுப் பழகிய நம் ஊர்க் காதுக்கு அந்த ஒலித்தரம் ஒரு பொருட்டே இல்லை. 1973இல் வந்த ‘பீன் பிளாஸம்’ இரட்டை எல்.பி.யையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள், இண்டியானாவில் மன்றோ நடத்திய திருவிழாவில் பிடித்தது, கலகலப்பாக இருக்கும், ஆனால் அதற்குள் இது பெரிய திருவிழாக் கலாசாரமாகிவிட்டது.

எதை வாங்கினாலும் ஒரு விஷயம் பாருங்கள். ஒரே டேப் இரண்டு மூன்று வெளியீடுகளாகக் கிடைத்தால், ‘சுத்தம் செய்தது’ என்று போட்டிருப்பதை உடனே நம்பி எடுக்காதீர்கள். இரைச்சலை வழித்தெடுக்கும்போது ஃபிடில் வில்லின் உராய்வும் மாண்டலின் சாப்பின் கூர்மையும் கூடவே போய்விடும், மிஞ்சுவது தண்ணீருக்குள் வாசித்த மாதிரி ஒரு சத்தம். சுருதி அரைச் சுரம் ஏறியிருந்தால் டேப் வேகமாக ஓடுகிறது என்றும் உடனே முடிவு கட்ட வேண்டாம், ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் ஆரம்ப காலத்தில் வாத்தியங்களையே அரைச் சுரம் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பேசுகிற குரல் இயல்பாக இருக்கிறதா என்று அறிவிப்பாளர் வருகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், வேகம் சரியா தப்பா என்று அங்கே தெரிந்துவிடும்.