ஒரே விமானம், ஒரே இருக்கை: மைல்ஸ் அண்ட் மோரா, ஏரோபிளானா?

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் லுஃப்தான்சா விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு இருக்கையை லுஃப்தான்சாவின் பயணிகள் வெகுமதித் திட்டமான மைல்ஸ் அண்ட் மோரின் புள்ளிகளிலும் வாங்கலாம், ஏர் கனடாவின் அதே மாதிரித் திட்டமான ஏரோபிளானின் புள்ளிகளிலும் வாங்கலாம். இரண்டு நிறுவனங்களுமே ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால் இது முடிகிறது.

வித்தியாசம் கையிலிருந்து போகும் பணத்தில்தான். மைல்ஸ் அண்ட் மோரில் புள்ளிகள் போக அரசு வரிகள், விமான நிலையக் கட்டணம், அதற்கும் மேல் நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம். பணம் கட்டும் முன் கட்டண விவரத்தைத் திறந்து பாருங்கள். ஒய்கியூ அல்லது ஒய்ஆர் என்ற குறியீட்டுக்கு நேராக நிற்கும் தொகை அதுதான். எந்த அரசுக்கும் அது போவதில்லை. பிசினஸ் வகுப்பில் நன்றாகவே வலிக்கும்.

ஏரோபிளான் 2020 நவம்பரில் இந்தக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டது. வரிகள், அப்புறம் வேறு நிறுவன விமானம் என்பதால் டிக்கெட்டுக்கு 39 கனடா டாலர், அவ்வளவுதான். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

சரி, இருக்கை கிடைக்குமா? லுஃப்தான்சா தன் சொந்த உறுப்பினர்களுக்குத் திறந்துவிடும் அளவு பிறருக்குத் திறப்பதில்லை. அதனால் வங்கியின் கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகளை ஏரோபிளானுக்கு மாற்றும் முன் இருக்கையைத் தேடிப் பார்த்துவிடுங்கள். மாற்றியதைப் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது.